மலையூரில் தீபாவளிப் புகை: மேட்டு வீடும் பள்ளத்து வீடும் செய்ய வேண்டியவை

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்தகத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் வாசலில் நிற்பவர்களில் தீக்காயத்தோடு வருபவர்கள் சிலர்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர்களே அதிகம். அவர்களில் பலர் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தாதவர்கள். பள்ளத்து லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருக்கும் வயதானவர்களும் கைக்குழந்தைகளும். மேட்டில் வெடித்த புகை இரவோடு இரவாக அவர்கள் வீட்டுக்குள் இறங்கியிருக்கும்.

மலையில் நல்ல காற்று இருக்கிறது, புகை தானாகப் போய்விடும் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். பகலில் அது பெரும்பாலும் சரி. இரவில் சரியில்லை. அதனால் இந்தக் குறிப்புகளை வெடிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளத்தில் இருப்பவர் கதவைச் சாத்துவதால் கிடைக்கும் பலனைவிட, மேட்டில் இருப்பவர் வெடிக்கும் நேரத்தை மாற்றுவதால் கிடைக்கும் பலன் பெரிது.

முதலில் உங்கள் சரிவின் காற்றைப் பாருங்கள்

வெயில் பட்டதும் சரிவு சூடாகிறது. காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது, புகையையும் தூக்கிக்கொண்டு போய்க் கலைத்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, ஓடைத் தண்ணீர் போகும் வழியிலேயே கீழே வழிகிறது. பள்ளத்தில் அது தேங்கிவிட, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று அடுக்கு நிற்கிறது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரிதான். மூடிக்குக் கீழே எழும் புகை மேலே போக வழியில்லாமல், மறுநாள் வெயில் ஏறும்வரை அங்கேயே கிடக்கிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிகிற இடத்தில், மழையில்லாத ஒரு நாளில் நின்று கவனியுங்கள். பிற்பகலில் புகை எழுந்து, விரிந்து, காணாமல் போகும். இருட்டத் தொடங்கியபின் அதே புகை கொஞ்ச உயரம் ஏறும், அதற்கு மேல் ஏற மாட்டாமல் பக்கவாட்டில் படுக்கும், பள்ளத்தின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டையாக நீளும். அந்தப் பட்டைக்குக் கீழே எந்தெந்த வீடுகள் இருக்கின்றனவோ அவைதான் தீபாவளி இரவில் துன்பப்படப் போகும் வீடுகள். தொழிற்சாலை இல்லாத ஊரில் ஓர் ஊதுபத்தி போதும். இரவு 7 மணிக்கு வாசலில் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அது போகிற திசையில் யார் வீடு இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னொரு அடையாளம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி முதலில் விழும் தாழ்வான இடங்கள் எவை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். குளிர்ந்த காற்று தேங்கும் இடம்தான் அது. அங்கே புகையும் தேங்கும்.

வானத்தையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசி என்பதால் பல வருடங்களில் வடகிழக்குப் பருவமழை தீபாவளியன்று பெய்துவிடும். நல்ல மழை புகையைக் கழுவிவிடும். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவு குளிராது, தேக்கமும் குறைவு. மழை விட்டு, வானம் துடைத்தாற்போல் இருந்து, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவுதான் மோசம். வெடிக்க ஏற்ற இரவு என்று எல்லோரும் மகிழ்வது அந்த இரவைத்தான்.

காலையில் வெடியுங்கள், இரவில் விளக்கு ஏற்றுங்கள்

2018-ல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு 2 மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாம் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரிக்கப்பட்டது. சமவெளிக்கு இந்த இரண்டு மணி நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். மலைக்கு ஒன்றல்ல. இரவு 8 மணிக்கு எழுந்த புகைக்கு முன்னால் விடியும்வரை முழு இரவும் இருக்கிறது. அவ்வளவு நேரமும் பள்ளத்தில் தூங்குகிறவர்கள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். காலை 7 மணிக்கு முன் எழுந்த புகைக்கு ஆயுள் குறைவு. வெயில் சரிவில் இறங்கி மண் சூடானதும் தேக்கம் உடைந்து புகை மேலே போய்விடும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: வாங்கிய பட்டாசைக் காலையிலேயே வெடித்து முடித்துவிடுங்கள். அதிலும் ஆறே முக்காலை ஒட்டி வெடித்தால் இன்னும் நல்லது. நம் வழக்கத்துக்கும் இது ஒத்துப்போகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்திய கையோடு விடியலில் வெடிப்பதுதானே நம் வீடுகளின் தீபாவளி. இரவுக்கு அகல் விளக்குகளும் பலகாரத் தட்டும் போதும் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். குழந்தைகள் கேட்க மாட்டார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். எங்கள் லைனில் காரணத்தைச் சொன்னபோது பெரியவர்களைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொண்டவர்கள் குழந்தைகள்தான். கீழ் வீட்டுப் பாட்டிக்கு மூச்சு முட்டும் என்றால் அவர்களுக்குப் புரிகிறது.

இடத்தையும் தேர்ந்தெடுங்கள். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவிலுள்ள சந்து, ஓடைக்கரை, பாலத்தடி ஆகியவை கூடவே கூடாது. காற்று வீசும் திறந்த மேடாக இருக்க வேண்டும். நேர் கீழே வீடுகள் இருக்கக் கூடாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மைதானத்தில் வெடித்தால் செலவும் குறையும், புகையும் குறையும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் வெடிக்க அனுமதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

சத்தம் போடாதது சாதுவானது என்று நினைத்துக் குழந்தைகள் கையில் பாம்பு மாத்திரையைக் கொடுக்கிறோம். புனேயிலுள்ள செஸ்ட் ரிசர்ச் பவுண்டேஷன் ஆறு வகைப் பட்டாசுகளைக் கொளுத்தி அளந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் பிஎம் 2.5 என்ற நுண்துகளை அதிகமாகக் கக்கியது பாம்பு மாத்திரைதான். கொளுத்தியவர் நிற்கும் தூரத்தில் அதன் உச்ச அளவு கன மீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம். கம்பி மத்தாப்புக்கு 10,390. அந்த ஆறில் மிகக் குறைவாக வந்த புஸ்வாணத்துக்கே 4,860. ஒரு நாள் முழுவதற்குமான சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. 15 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பட்டாசின் உச்சம் சில நிமிடங்களில் இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பாம்பு மாத்திரையைச் சிறு குழந்தை எப்படிக் கொளுத்துகிறது என்று பார்த்திருப்பீர்கள். குந்தி உட்கார்ந்து, முகத்தை அதன் நேர் மேலே வைத்துக்கொண்டு, கறுப்புச் சுருள் நெளிந்து வளர்வதைக் கண் இமைக்காமல் பார்க்கிறது. அந்தச் சில நிமிடங்களும் அதன் மூக்கு புகைக்குள்தான் இருக்கிறது.

பாம்பு மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். மத்தாப்பு வேண்டுமென்றால் கையை நீட்டிப் பிடித்து, காற்று முதுகில் படும்படி நிற்கக் கற்றுக்கொடுங்கள்.

மற்றபடி பசுமைப் பட்டாசு என்று அச்சிட்ட பெட்டியை, உரிமம் பெற்ற கடையில் பார்த்து வாங்குங்கள். நாக்பூரிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறையில் செய்யப்பட்டவை இவை. பெட்டியில் அதன் முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும். பச்சை ஒளிக்குச் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பசுமைப் பட்டாசில் துகள் மாசு குறைவது ஏறக்குறைய 30 சதவீதம். மீதி 70 சதவீதம் வரத்தான் செய்யும். பசுமைதானே என்று இரண்டு மடங்கு வாங்கினால் பழைய பட்டாசைவிட அதிகப் புகை விடுவீர்கள்.

பள்ளத்து வீட்டுக்காரர்களுக்கு

வீட்டில் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தால் ஓர் அறையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். சரிவின் மேற்பக்கம் பார்க்காத, ஜன்னல் குறைவான அறை நல்லது. மாலை 6 மணிக்கே அறையைச் சாத்திவிடுங்கள். புகை வந்தபின் சாத்தினால் அதையும் சேர்த்து உள்ளே பூட்டியதாக ஆகும். கதவடி இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். லைன் வீடுகளில் சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையே இடைவெளி இருக்கும். அங்கே பழைய சேலையைத் திணித்துவிடலாம். அந்த அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் வேண்டாம். பலகாரம் பொரிக்கும் அடுப்பும் அதே கூரையின் கீழ் இருந்தால் மாலைக்குள் பொரித்து முடியுங்கள்.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இப்படி அடைத்த அறைக்குள் நெருப்பு கூடவே கூடாது. குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கட்டிலடியில் வைப்பது நம் மலையில் பழைய வழக்கம். ஒரு பெரியவர் என்னிடம், “ஜன்னலைச் சாத்திக் கரியையும் மூட்டிவிட்டால் குளிரும் வராது, புகையும் வராது சிஸ்டர்” என்று நிம்மதியாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கணகணவென்று எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் பிராண வாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அதன்பின் நினைவிழப்பு. தூங்குகிறவருக்கு முதல் மூன்றும் தெரியாமலே போய்விடும். மலைக்கு வந்த இடத்தில் அடைத்த அறையில் கரி மூட்டிப் படுத்து இறந்துபோனவர்களின் செய்தியை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம். புகைக்கு அஞ்சி ஜன்னல் சாத்துகிறவர்கள் கம்பளியும் வெந்நீர்ப் பையும் வைத்துக்கொள்ளுங்கள். கரி வேண்டாம்.

அதே ஆபத்து குளியலறையிலும் உண்டு. தீபாவளி விடியலில் வீடு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக எண்ணெய்க் குளியல் குளிக்கும். கேஸ் கீசர் உள்ளேயே பொருத்தப்பட்ட சிறிய குளியலறையில், குளிருக்கும் வெடிப்புகைக்கும் பயந்து வென்டிலேட்டரையும் அடைத்திருப்பார்கள். கடைசியாகக் குளிக்கப் போகிறவர் மயங்கி விழ இதுவே போதும். வென்டிலேட்டர் திறந்தே இருக்கட்டும். வாளிகளில் வெந்நீரைப் பிடித்துவிட்டு, கீசரை அணைத்தபின் உள்ளே போங்கள். பாதிக்கப்பட்டவர் போல் யாராவது தெரிந்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

மறுநாள் காலை, எதிர்ச் சரிவு தெளிவாகத் தெரிந்து, வெயில் முற்றத்தில் விழுந்தபின் எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவிடுங்கள். பூட்டியே வைத்திருப்பதும் கெடுதல்தான்.

இன்ஹேலர், முகக்கவசம்

என் மாமியார் இளம் வயதிலிருந்து விறகடுப்பில் ஊதி ஊதி நுரையீரலைத் தேய்த்துக்கொண்டவர். அவருக்காக நான் பண்டிகைக்கு முந்தைய வாரமே செய்வதை அப்படியே சொல்கிறேன். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்கிறேன். பலர் உடம்பு நன்றாயிருக்கிறது என்று நிறுத்திவிட்டு, தீபாவளி இரவில் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரத்துக்கான இன்ஹேலரை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கிறேன். பல நாள் எடுக்காமல் கிடந்தால் முதல் சில அழுத்தல்களைக் காற்றில் விட்டு, மருந்து சரியாக வருகிறதா என்று சோதிக்கிறேன். மலைக் குளிரில் அலமாரியில் கிடந்த குப்பி விறைத்திருக்கும், மருந்து குறைவாக வரும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்தபின் குலுக்கிப் பயன்படுத்த வேண்டும். மருந்தை ஆவியாக்கித் தரும் மின்கருவியான நெபுலைசர் இருக்கிறது என்று அதை மட்டும் நம்பாதீர்கள். ஐப்பசி மழையில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாது. இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயோடு பிடித்தால் மின்சாரமில்லாமலே மருந்து நன்றாக உள்ளே போகும். எத்தனை அழுத்தல் என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, கதவின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடியவில்லை, குழந்தைக்கு விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருக்க மலையில் நேரமில்லை. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டி வர வேண்டும். உங்கள் லைனிலிருந்து வண்டி நிற்கும் சாலைவரை நோயாளியை யார் தூக்கி வருவார்கள், நாற்காலி யாரிடம் இருக்கிறது என்பதையும் பகலிலேயே பேசிவையுங்கள்.

வெளியே போக வேண்டியவர்கள் என்95 முகக்கவசம் அணியுங்கள். மப்ளரை வாயைச் சுற்றிக் கட்டினால் குளிர் அடங்கும், நுண்துகள் அடங்காது. கவசத்தின் விளிம்பில் கை வைத்து ஊதிப் பாருங்கள்; கண் பக்கம் காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்துங்கள். பனிமூட்டத்தில் நனைந்துவிட்டால் வேறொன்றை மாற்றுங்கள். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகலாம்; உள்ளே போன புகை வெளியே வராது.

காற்றுத் தர எண்ணைப் பார்ப்பவர்களுக்கு

கைப்பேசியில் வரும் காற்றுத் தரக் குறியீடு, துகள்களைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. ஒரு மணி நேர உச்சம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். 51 முதல் 100 வரை திருப்திகரம் என்று அது காட்டும் இரவிலேயே உங்கள் பள்ளம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். கையடக்கத் துகள்மானி வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஒளி கொண்டு அளக்கும் மலிவுக் கருவிகள் பனித்துளியையும் துகளாக எண்ணிக் கூட்டிச் சொல்லும். பண்டிகைக்கு முன்பே மூடுபனி உள்ள ஒரு மாலையில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால், தீபாவளியன்று ஏறியது எவ்வளவு என்பது விளங்கும். கருவி இல்லாதவர்கள் மூக்கை நம்பலாம். மூடுபனிக்கு ஈர மண் வாசம்தான் உண்டு. கந்தக நெடியும் தொண்டை அரிப்பும் வந்தால் புகை கலந்துவிட்டது.

காட்டெருமைகள் நடமாடும் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களில் வெடிக்கு முன் டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள்

வெடித்த காகிதத்தைக் குவித்துத் தீ வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எரியாமல் மிஞ்சிய மருந்தும் வண்ணக் காகிதமும் சேர்ந்து காரமான புகையை எழுப்பும். நமுத்த வெடி எப்போது வெடிக்கும் என்பதும் தெரியாது. வெடிக்காதவற்றை வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போடுங்கள். வாசலில் தண்ணீர் தெளித்தபின் பெருக்குங்கள். காய்ந்த தூளைப் பெருக்கினால் அது மறுபடி எழுந்து மூக்குக்குத்தான் வரும். அள்ளியதைச் சாக்கில் கட்டித் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஓடையில் தள்ளினால் கீழ் ஊர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். சாக்கோடு சேர்த்து அவருக்கு ஒரு முகக்கவசமும் கொடுங்கள். ஊரெல்லாம் வெடித்த தூளைப் புகை கலையும் முன்பே வந்து பெருக்குகிறவர் அவர்தான்.

விடுமுறை முடிந்து கொழுந்து பறிக்கப் போகும்போது நெஞ்சில் இறுக்கம் இருந்தால், ஏற்றமான பாத்தி வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். இருமல் மூன்றாம் நாளும் நிற்கவில்லை, இரவில் படுத்தால் இழுக்கிறது என்றால் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். சளி என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு நேரம் புகையில் இருந்தீர்கள், வீட்டில் எந்த அடுப்பு எரிகிறது, இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சரியான மருந்தை எழுத அவருக்கு இந்த மூன்றும் தேவைப்படும்.